ஒரே பெயரில் வந்த இரண்டு கோப்புகள்

வையம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணை அவளுடைய அப்பாவின் முன்னால் ஏமாற்றுக்காரி என்று சொன்னேன். அது உண்மையில்லை என்று இரண்டே நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு வருடம் வாய் திறக்கவில்லை. இரண்டில் பின்னதுதான் பெரிய தப்பு.

அப்போது திருச்சியில் ஒரு கல்லூரியின் கணினித் துறைத் தலைவராக இருந்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. விண்ணப்பங்களை இணையத்தில் வாங்கலாம் என்று முடிவானதும், வெளியாள் வேண்டாம், அதற்கான நிரலை நானே எழுதித் தருகிறேன் என்று வலியப்போய் வாங்கிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து கோடை முழுவதும் எழுதினேன்.

படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், இணைய உலாவி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும். உள்ளே ஒவ்வொரு பதிலும் தனிப் பொட்டலம். இது பெயர், இது முகவரி என்று மேலே சீட்டு இருக்கும். ஒன்று எங்கே முடிகிறது என்று காட்ட நடுவே ஓர் எல்லைக்கோடு. கோப்பு வரும் பொட்டலத்தில் கூடுதலாக ஒரு விவரம் உண்டு: அனுப்பியவரின் கணினியில் அந்தக் கோப்புக்கு என்ன பெயர் என்பது. நான் அந்தப் பெயரை அப்படியே நம்பி, அதே பெயரில் எல்லார் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேமித்தேன்.

அந்தப் பெண் கணிதப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய மதிப்பெண் பட்டியலைத் திறந்தால் வேறொரு பெண்ணின் பட்டியல் இருந்தது. அதில் மதிப்பெண்ணும் கூடுதல். போலி ஆவணம் என்று குறிப்பெழுதித் தள்ளிவிட்டேன். தகவல் கிடைத்து மறுநாளே அசல் பட்டியலோடு அப்பாவும் மகளும் பஸ் ஏறி வந்தார்கள். அசல் யாருக்கு வேண்டும், அனுப்பியது எது என்று கேட்டேன்.

"என்னோடதைத்தான் சார் போட்டேன். பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் ஏத்துனாங்க. எனக்கப்புறம் இன்னொரு பொண்ணுக்கும் ஏத்துனாங்க" என்றாள்.

"படிக்க வர்றதுக்கு முன்னாடியே ஏமாத்தக் கத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சொன்ன அந்த இன்னொரு பெண் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கணினியில் இருந்த பதிவுகளைப் பார்த்தேன். அந்த பிரவுசிங் சென்டர் கடைக்காரர் யார் வந்தாலும் ஸ்கேன் செய்து, கடைப் பெயரையே கோப்புக்கு வைத்து அனுப்புகிறவர். அங்கிருந்து எங்களுக்கு வந்தவை இரண்டே விண்ணப்பங்கள். இரண்டாவது கோப்பு வந்ததும் முதல் கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் உட்கார்ந்துகொண்டது. அப்படி உட்காரவிட்டது என் நிரல்.

பத்தே நிமிடத்தில் திருத்தினேன். அனுப்புகிறவர் வைத்த பெயரை விட்டுவிட்டு, விண்ணப்ப எண்ணைப் பெயராக வைக்கும்படி மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. இடங்கள் நிரம்பிவிட்டன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரம்தான் கல்லூரி முதல்வர் இந்தப் படிவத்துக்காக என்னை எல்லார் முன்னாலும் பாராட்டியிருந்தார். அதை இழக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

அடுத்த வருடம் படிவத்தைத் திறக்கும் நேரம் வந்தபோது, அவள் பெயருக்கெதிரே நான் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது. அவள் திரும்ப விண்ணப்பித்தாலும் அது அவளைத் தள்ளிவிடும். அன்றே முதல்வரிடம் நடந்ததைக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். அவர் படித்து முடித்தார். பிறகு குறிப்பை நீக்கச் சொன்னார்; அவள் வந்தால் இந்த வருடம் இடம் உண்டு என்றார். சேர்க்கை வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அது நியாயம்தான்.

கடிதத்தின் நகலோடு வையம்பட்டிக்குப் போனேன். அப்பா கடலைக் காட்டில் நின்றபடியே படித்தார்.

"ஒரு வருசம் போச்சேங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மகள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"அந்தக் கடை அண்ணன்கிட்டயும் இதைக் காட்டிருங்க சார். அப்பா அவர்கிட்ட பேசுறதையே விட்டுட்டாங்க."

நேரே அந்தக் கடைக்குப் போனேன். பின்னாலேயே அப்பாவும் வந்தார். கடைக்காரர் படித்துவிட்டு, "உங்க தப்புக்கு நான் ஒரு வருசம் திட்டு வாங்கியிருக்கேன் சார், ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க" என்றார். முதலில் சிரித்தவர் அப்பாதான். மூவருமாக டீ குடித்தோம்.

ஜூனில் அவள் சேர்ந்தாள். சில வாரம் கழித்து என் அறை வாசலில் வந்து நின்று, இப்போது படிவம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரிசெய்துவிட்டேன் என்றேன்.

"நானே பாக்கலாமா சார்?"

சோதனைக்கென்று என் கணினியில் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து, இரண்டு வெவ்வேறு படங்களுக்கு ஒரே பெயர் வைத்து, இரண்டு விண்ணப்பங்களில் ஏற்றினாள். சேமித்த இடத்தைக் காட்டச் சொன்னாள். இரண்டும் இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். திருப்தியில்லாமல் மூன்றாவதாக ஒன்றையும் ஏற்றினாள். அதுவும் இருந்தது.

"இப்ப சரி சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.