ஐந்தாவது அணி

என் அண்ணன் ஐந்து கால்பந்து அணிகளின் பேரை ஒரே சீட்டில் எழுதச் சொன்னது ஒரு சனிக்கிழமை மதியம். எழுதியது நான். அவர் நான்காம் வகுப்போடு நின்றவர்; தின்கன்ஜூன் சந்தை வாசலில் சைக்கா மிதிக்கிறவர். சைக்கிளின் பக்கவாட்டில் இரண்டு இருக்கை கட்டியிருந்தால் அது சைக்கா. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். வீடு வீடாகப் போய்க் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். அதனால் எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம்தான் வரும்.

இப்படிப் பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பந்தயத்துக்கு இங்கே பர்மாவில் மவுங் என்று பேர். தனி ஆட்டத்துக்குக் கட்டினால் ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். மவுங்கில் அந்த இரண்டும் தானாகவே அடுத்த ஆட்டத்தின் மேல் போய் உட்காரும். அது நான்காகும், பிறகு எட்டு. ஐந்து அணியும் வந்தால் முப்பத்திரண்டு. ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு. நான்கைச் சரியாகச் சொன்னவனும் ஒன்றுகூடச் சொல்லாதவனும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

"பெருகுறத மட்டும் பாக்காதண்ணே," என்றேன். "ஒவ்வொரு அணி சேர்க்கும்போதும் வர்ற வாய்ப்பு பாதியாக் குறையுது. முப்பத்திரண்டு தடவை கட்டினா ஒரு தடவை வரும்."

"அந்த ஒரு தடவை இன்னிக்கா இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப எழுது."

அவர் கட்டியது இந்த ஊர்ப் பணத்தில் ஒரு லட்சம். அண்ணிக்குப் பிரசவத்தில் ஆபரேஷன் ஆனபோது, தாகேதாவில் ஒருவரிடம் சைக்காவை ஆறு லட்சத்துக்கு அடகு வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் வண்டி அவருக்கு. அதுவரை ஓட்டிக்கொள்ளலாம் என்பது பேச்சு. ஆறில் ஒன்றைத்தான் அண்ணனால் சேர்க்க முடிந்தது; கட்டியது அந்த ஒன்றைத்தான். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

ஞாயிறு காலை நாங்கள் டீக்கடைக்குப் போனபோது நான்கு அணிகள் வந்திருந்தன. அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டீயைத் தொடவில்லை. ஐந்தாவது ஆட்டம் சாயங்காலம்.

பந்தயம் நடத்துகிற பர்மாக்காரர் தானே எங்கள் மேசைக்கு வந்தார். சிரித்த முகம், மடிப்புக் கலையாத லுங்கி. அண்ணனை அக்கோ என்பார்; அவர்கள் மொழியில் அதுவும் அண்ணன்தான்.

"அக்கோ, சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்? சீட்ட எங்கிட்டயே குடுத்துடுங்க. பத்து லட்சம். இப்பவே கையில."

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஓ, சயாகிட்ட கேக்கணுமா?" என்றார் அவர். வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கேளுங்க, கேளுங்க. படிச்சவரு கண்டுபிடிச்சிருவாரு."

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. டீக்கடை பில்லைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். முப்பத்திரண்டு லட்சத்தில் அவருடைய கழிவு இரண்டு. மீதி முப்பது. மிச்சமிருக்கும் ஆட்டத்தில் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படியானால் அந்தச் சீட்டின் விலை பதினைந்து லட்சம்.

"அஞ்சு லட்சம் குறைச்சுக் கேக்குறாருண்ணே."

"பத்துக்கு மேல ஒரு பைசா கிடையாது," என்றார் பர்மாக்காரர்.

அண்ணன் தமிழில், மெதுவாகச் சொன்னார்: "பத்து வாங்கினா வண்டி வந்துரும்டா."

"வரும். ஆனா ஏமாந்து வாங்கினதா ஆகும்."

அண்ணன் பில்லில் இருந்த என் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்களைப் படிக்கத் தெரியும், கணக்கு வந்த வழி தெரியாது. பிறகு சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப வேணாம்," என்றார்.

ஐந்தாவது அணி பலமான அணி. பலமான அணிமேல் கட்டினால் ஜெயித்தால் மட்டும் போதாது, இரண்டு கோலாவது கூடுதலாக அடிக்க வேண்டும். வாய்ப்பைப் பாதிக்குப் பாதியாக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அவர்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அணியின் சட்டையைப் போட்டிருந்த ஒருவன் எழுந்து ஆடினான். அண்ணன் டி.வி.யையே பார்த்துக்கொண்டு, இன்னும் நேரம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

கணக்கைப் பல தடவை திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். பதினைந்துதான் வருகிறது. ஆனால் அது நூறு சீட்டு கையில் வைத்திருக்கிறவனுடைய கணக்கு. நூறில் ஐம்பது வரும், ஐம்பது போகும், கடைசியில் சரியாகிவிடும். பர்மாக்காரரிடம் நூறு சீட்டு இருந்தது. அண்ணனிடம் இருந்தது ஒன்று. அவருக்குத் தேவைப்பட்டதும் பதினைந்து அல்ல, ஆறு. அதை அவரே என் காதில் சொன்னார். படித்த நான்தான் கேட்கவில்லை.

நான்காம் நாள் தாகேதாவுக்குப் போய் வண்டியை ஒப்படைத்தோம். பாலத்து ஏற்றத்தில் நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். "உக்காருடா, உன் கனம் ஒரு கனமா," என்று அவர் திட்டியும் ஏறவில்லை. வண்டியை வாங்கிக்கொண்டவர் பிரேக்கை மட்டும் அழுத்திப் பார்த்தார். அண்ணி தைத்த இருக்கை மெத்தையைக் கழற்றிக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டார். அவர் சரி என்றார்.

திரும்பும்போது பஸ். மற்றவர்களை ஏற்றிப் போய்ப் பழகியவர் ஜன்னலோரம், மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலம் தாண்டியதும் கேட்டார்.

"கணக்கு சரிதானேடா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நான்காம் வகுப்போடு நின்றவர் என்னைக் கல்லூரி வரை கொண்டுவந்த வண்டிதான் இப்போது பின்னால் நின்றது.

"சரிதாண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப விடு," என்றார். அன்றைக்கு முழுவதும் அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. மெத்தையைத் தட்டித் தூசியைப் போக்கி, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.