முறிந்த நேர்த்தி

"நாலெழுத்துப் படிச்ச உடனை வேதத்தையே திருத்தப் போறீரோ?" என்று பெரியம்மா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து ஆசிரியையானவள் நான் ஒருத்திதான். அதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: கிறிஸ்து விடுதலை தந்தபின், சோற்றையும் கறியையும் வைத்துக் கடவுளோடு பேரம் பேசத் தேவையில்லை. அதைச் சொல்ல எனக்குப் பதினாறு வருடங்கள் பிடித்தன.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மண்டைதீவிலிருந்து வள்ளத்தில் கடற்தொழிலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. நாலாம் நாள் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா திரும்பிவர மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்: நாற்பது நாள் வீட்டில் யாரும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடக்கூடாது, ஒரு நாக்குத் தவறினாலும் பலிக்காது. மீன்சட்டி கவிழ்ந்தது. மாதா எங்கள் சட்டிகளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பார் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முப்பதாம் நாளளவில் எனக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்த மத்தியானம், தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அடுப்போரம் ஒரு சோற்றுக் கோப்பையால் மூடியபடி பொரித்த பாரை மீன் துண்டு இருந்தது. எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. வேலிக்குப் பின்னால் கொண்டுபோய்த் தின்று, முள்ளை மணலுக்குள் புதைத்து, சாம்பல் போட்டு மூன்று தரம் கை கழுவினேன்.

நாற்பதாம் நாளும் அப்பா வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய வள்ளத்தின் பலகை மண்கும்பான் கரையில் ஒதுங்கியது.

"ஆரோ மச்சம் திண்டிருக்கினம்," என்றார் பெரியம்மா. "இல்லாட்டி மாதா கைவிடமாட்டா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை குனிந்துகொண்டார். என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் குனிகிறார் என்று நினைத்தேன். அப்பாவைக் கொன்றவள் நான் என்ற நினைப்போடுதான் படித்தேன், சோதனைகள் எழுதினேன். அன்றிலிருந்து அம்மா மச்சம் தொடவில்லை.

இந்தத் தவக்காலத்தில் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்த மீனை நான்தான் திண்டனான்."

"தெரியும் பிள்ளை. நீ சாப்பிட ஏலாமல் கிடந்தாய். பக்கத்து வீட்டு அக்காவிட்டை வாங்கி, உனக்கெண்டுதான் ஒளிச்சுப் பொரிச்சு வைச்சனான்." பிறகு, "நான் பொரிச்சதாலைதான் அந்த மனுசன் வரேல்லை" என்றார்.

குனிந்த அந்தத் தலை என்னைக் குற்றம் சாட்டவில்லை என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை. ஒரே துண்டுக்காக, ஒரே வீட்டில், இரண்டு பேர் தனித்தனியே தண்டனை அனுபவித்திருக்கிறோம். எனக்கு விளங்கிய பின்னும் அம்மாவுக்கு விளக்க முடியவில்லை. வேதாகமத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டார், பிறகு செபமாலையை எடுத்துக்கொண்டார்.

போன ஞாயிறு பாரை வாங்கிப் பொரித்தேன். அம்மாவின் சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டு வைத்தேன். எதிரே இருந்து என்னுடையதைச் சாப்பிட்டேன். வாசலில் நின்று பெரியம்மா, வேதத்தையே திருத்தப் போறீரோ என்று கேட்டது அப்போதுதான். அம்மா தொடவில்லை. பின்னேரம் அந்தத் துண்டைப் பூனைக்குப் போட்டார்.

வாற ஞாயிறுக்கும் இரண்டு துண்டு என்று மீன்காரரிடம் சொல்லிவிட்டேன்.