சின்னராசுவின் படகு

பச்சையம்மா பொன்னேரி மார்க்கெட்டில் இறால் விற்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். விலையைக் குறைத்துக் கேட்பவர்களுக்கு இறாலோடு நாலு வார்த்தையும் சேர்த்துக் கிடைக்கும். அப்படிப்பட்டவளைச் சிற்பக் கண்காட்சிக்குக் கூட்டிப்போக மருமகள் தேவதர்ஷினிக்கு எப்படித் தைரியம் வந்ததோ தெரியவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூடிக்கிடந்த ஒரு ஆலையின் கொட்டகையில் கண்காட்சி நடந்தது. மருமகள் வேலை செய்யும் கம்பெனியில் பாஸ் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மாமியாரும் கிளம்பிவிட்டாள்.

உள்ளே அவளுக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது. சைக்கிள் செயினை முறுக்கி மயில் செய்திருந்தார்கள், சரி, அழகுதான். சிமென்ட்டை உருட்டி வைத்து அதற்கு ‘மௌனம்’ என்று பெயர் எழுதியிருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலி மாதிரி இருந்ததில் உட்காரக் கூடாதாம், பாறை மாதிரி இருந்ததில் உட்காரலாமாம். மருமகள் காதில் கேலி பேசிக்கொண்டே நடந்தவள், கொட்டகையின் கோடியில் சட்டென்று நின்றுவிட்டாள்.

அங்கே ஒரு பழைய மரப்படகைப் பாதியாக வெட்டி பெஞ்சு ஆக்கியிருந்தார்கள். அதன் பக்கப் பலகையில் மஞ்சள் தகர ஒட்டு ஒன்று இருந்தது. தகரம் கிடைக்காமல் அவள் புருஷன் சின்னராசு அவளுடைய எண்ணெய் டின்னை வெட்டி அடித்த ஒட்டு அது. டின் போன கோபத்தில் அவனோடு பேசாமல் இருந்தவள் அவள்தான். அது அவர்கள் படகேதான்.

பழவேற்காட்டில் அவர்கள் குடும்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. வலையைத் தொடலாம், மீனைப் பிரிக்கலாம், ஏறினால் மட்டும் மீன் விலகிப்போய்விடுமாம். அந்த மீன்களுக்கு அவ்வளவு ரோஷம்! சின்னராசுவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கல்யாணமான புதிதிலிருந்தே கூப்பிட்டான். முகத்துவாரம் வரைக்கும் ஒரே ஒரு தடவை வா, ஏரி கடலில் சேருகிற இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பான். அவள் மாட்டேன் என்றாள். தடுக்கிற மாமியார் செத்துப்போன பிறகும் மாட்டேன் என்றாள். மார்பு வலி வந்து படுத்து எழுந்த வருஷம் கடைசியாகக் கேட்டான்.

“இனிமே நான் வலை போடப்போறதில்ல பச்ச. மீனு போனா போவுது, நீ வா.”

மகன் இதே படகில் தொழிலுக்குப் போவான், அவனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். மகனோ ஒருநாளும் படகு ஏறவில்லை. கம்பெனி பஸ்தான் ஏறினான். சின்னராசு போன பிறகு படகு கரையில் வெயிலில் பிளந்து கிடந்தது. பழைய மரம் வாங்க வந்தவனுக்கு அவளே அதைத் தூக்கிக் கொடுத்தாள். விறகாகப் போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

இப்போது அதில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போனதும், அதைச் செய்த விமல் என்கிற பையன், உட்காருங்கம்மா, உட்காரத்தான் செய்தேன் என்று உபசாரம் செய்தான். விஷயம் தெரியாத தேவதர்ஷினி போட்டோ எடுக்கப் போனை நீட்டினாள். பச்சையம்மா அசையவில்லை.

“ஏம்பா, இத்தத் தண்ணில உட்டா மெதக்குமா?”

விமல் சிரித்தான். அடிப்பலகையை எடுத்துவிட்டு இரும்புக் கால் பொருத்தியிருக்கிறது, விட்டால் நேராக மூழ்கிவிடும் என்றான்.

மிதக்காவிட்டால் அது படகில்லை. படகில்லாததில் பெண்பிள்ளை ஏறலாம், ஒரு குற்றமும் இல்லை. பச்சையம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். ஆடும் என்று உடம்பு தானாக விறைத்தது. ஆடவே இல்லை. அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

தேவதர்ஷினி பதறிப்போய் இன்னா ஆச்சு அத்தை என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்க மாமா படகும்மா இது. கூப்ட்டுகினே இருந்தாரு. தண்ணில கெடந்தப்போ ஒரு தபா ஏறியிருக்கணும்.”

கொட்டகையை மூடப்போகிறோம் என்று ஆள் வந்து சொல்லும்வரை பச்சையம்மா அதிலிருந்து எழுந்திருக்கவில்லை.