மூன்று குப்பி, ஒரே கரிப்பு

குளத்தூர் மிஷன் மருந்துசாலையில் பதினெட்டு வருடம் கம்பவுண்டராக இருந்த ஆனந்தபாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. கலக்கிய மருந்தில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டாள். ஊரில் பலர் அதைக் கிறுக்கு என்றார்கள். அந்தக் கிறுக்குதான் கிளார்க்கு தாணுலிங்கத்தைக் காப்பாற்றியது.

அது தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் உச்சத்திலிருந்த வருடம். ஊர்வலத்தில் தடியடி நடந்ததைக் கண்ட நாளிலிருந்து, ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு உறக்கம் போயிற்று. ஒரு நாள் தெற்கே பஸ் ஓடாது, மறுநாள் வடக்கே ஓடாது. எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கத்து டாக்டரிடம் மகள் கல்யாணசுந்தரி அப்பாவைக் கொண்டுபோனாள். ஆறு மாதத்தில் மூன்று டாக்டர்கள். இன்னொருவரிடம் போனதைச் சொன்னால் முகம் சுளிப்பார்களே என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாவம், நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

மூவர் தந்த மருந்தையும் தவறாமல் கொடுத்துவந்தாள். தாணுலிங்கம் உறங்கினார். பிறகு பகலிலும் உறங்கினார். நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. ஒரு நாள் மகளைப் பார்த்து, "நீ யாரு பிள்ள?" என்று கேட்டார். வயசாகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த மகன் சிவானந்தம், திங்கட்கிழமை காரோடு வந்து பைத்திய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாகச் சொல்லிப் போனான்.

வெள்ளிக்கிழமை இரண்டு பக்கமும் பஸ் இல்லை. தீர்ந்துபோன குப்பியோடு கல்யாணசுந்தரி மருந்துசாலைக்கு வந்தாள். அடியில் கிடந்த சொட்டை ஆனந்தபாய் நாக்கில் வைத்தாள்.

"அப்பாவுக்கு வேற மருந்து உண்டா அக்கா?"

"ஒரு கூடை உண்டு."

"எல்லாத்தையும் எடுத்திட்டு வாங்க. ஒண்ணும் விடாண்டாம்."

கூடை வந்தது. முதலில் கொண்டுவந்த குப்பியில் இருந்தது சிவப்பு மருந்து. கூடையில் ஒன்று தவிட்டு நிறம், இஞ்சி மணம். ஒன்று மஞ்சள், ஆரஞ்சுத்தோல் வாசம். சர்க்கரைப்பாகு நாக்கை விட்டு இறங்கியதும் மூன்றிலும் ஒரே உப்புக் கரிப்பு. புரோமைடு என்ற தூக்க மருந்து. அவள் கையாலேயே எத்தனையோ குப்பி கலக்கியது.

"மூணும் ஒரே மருந்தாக்கும் அக்கா. அப்பாவுக்குக் கிறுக்கொண்ணும் இல்ல. மருந்து தலைக்கு ஏறியிருக்கு."

டாக்டர் எழுதியதை நிறுத்தக் கம்பவுண்டருக்கு உரிமை கிடையாது. மறுநாள் மருந்துசாலை டாக்டர் ஈசாக் வந்ததும் கூடையை அவர் மேஜையில் வைத்தாள். அவரும் ருசி பார்த்தார். மூன்றையும் நிறுத்தச் சொன்னார், கூடையிலிருந்த பேதி மருந்தையும் இரண்டு டானிக்கையும் ஒதுக்கினார். நெஞ்சுக்கான சின்ன மாத்திரை மட்டும் மிஞ்சியது. ஏறியது இறங்க மூன்று வாரமாவது ஆகும் என்றார்.

திங்கட்கிழமை கார் வந்தபோது ஆனந்தபாய் தாணுலிங்கம் வீட்டு வாசலில் நின்றாள்.

"மூணு வாரம் தாங்க சார்."

"சரியாகல்லேன்னா?"

"ஆஸ்பத்திரிக்கு நானே கூட வாறேன். பின்ன நான் மருந்துக் குப்பியத் தொடமாட்டேன்."

நாக்கில் வைத்த சொட்டை நம்பிப் பதினெட்டு வருட வேலையையே பணயம் வைத்தாள். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. சிவானந்தம் முணுமுணுத்தபடி திரும்பிப் போனான்.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆனந்தபாய்க்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வாரம் அவர் கையில் டம்ளர் ஆடாமல் நின்றது. மூன்றாம் வாரம் ஒரு காலையில், "சுந்தரி, காப்பிக்கு இனிப்பு போராது" என்றார். கல்யாணசுந்தரி அடுப்படியில் போய் நின்று அழுதாள். அழுது முடித்ததும் அந்தச் சின்ன மாத்திரையையும் எறியக் கிளம்பினாள்.

"அது வேணும் அக்கா," என்று ஆனந்தபாய் கையைப் பிடித்தாள். "வேண்டாததத்தான் விட்டோம்."

மூன்று வாரம் முடிந்த திங்கட்கிழமை கார் வந்தது. முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாணுலிங்கம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எலே சிவானந்தா, காறு எதுக்கு? பஸ்ஸு ஓடல்லியா?"

சிவானந்தம், வாசலில் நின்ற ஆனந்தபாயைப் பார்த்தான்.

"ஓடுது அப்பா," என்றான். "உங்களப் பாக்கத்தான் வந்தேன்."