உருண்டை தீர்ந்தால் அம்மா வருவாள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் அப்போது ஒரு பனிமலை இருந்தது. செவிலிமேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் புதிதாக ஒன்று வாங்கியபோது, பழையதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதன் கதவைத் திறந்தால் உள்ளே மேல்தட்டில் இன்னொரு குட்டிக் கதவு. அதையும் திறந்தால் வெள்ளைப் புகை மெதுவாக இறங்கி வந்து மூக்கைத் தொடும். சுற்றிலும் பனி இறுகி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். வைகாசி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நான் மட்டும் முக்காலி போட்டு ஏறி முகத்தை அந்த மலைக்குள் நுழைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். "கதவ சாத்துமா, கரண்ட் பில்லு எகிறுது" என்று அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுக்கும் வரையில் நான் வேறு தேசத்தில் இருப்பேன்.

அந்தத் தேசத்துக்குள் குழம்பு வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் மாடி வீட்டு அக்கா. அவர் ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்து உறைய வைத்துவிடுவார். அம்மா அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அடுத்த தெருவில் இருந்த அத்தைக்கு இது அறவே பிடிக்கவில்லை. "செத்த சோறு அது. அதப் போயி புள்ளைங்களுக்குத் துன்னக் குடுக்கிறியே" என்று வரும்போதெல்லாம் ஒரு பாட்டம் பாடிவிட்டு, அந்தக் குழம்பையே இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அம்மா உறைய வைத்தது பருப்பு உருண்டைக் குழம்பு. ரேஷன் துவரம் பருப்பும் ஒரு கை கடலைப் பருப்பும் இருந்தால் போதும், கறி மீன் வாங்க முடியாத வாரத்திலும் எங்கள் வீட்டில் ஒருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டோம். பருப்பை ஊறவைத்து, மிளகாயும் சோம்பும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பாள். ஆறியதும் உருண்டைகள் டப்பாவுக்குப் போகும். புளிக்குழம்பை நன்றாகச் சுண்டவைத்து வேறு டப்பாவில் நிரப்புவாள். வேண்டிய நேரத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கல் போல இருக்கும் உருண்டைகளைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அவை இளகி, குழம்பை உறிஞ்சிக்கொண்டு மேலே மிதக்கும். அவற்றைச் சோற்றில் உதிர்த்துப் பிசைந்து சாப்பிட்டால் வயிறு மட்டுமில்லை, மனசும் நிறைந்துவிடும்.

அந்த வருடம் பள்ளி விடுமுறையில் அம்மா ஒரேயடியாக மலை மலையாக உருட்டினாள். பிரியாணி வாங்கிய டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, மாடி வீட்டிலிருந்து இரவல் வாங்கிய டப்பா என்று வீட்டில் மூடியுள்ள எதையும் விடவில்லை. இடம் போதாமல், தோசைத் திருப்பியால் என் பனிமலையைக் கொத்தி எடுத்து வாளியில் கொட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. நடுநடுவே சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் அடுக்கி முடித்ததும் என்னையும் தம்பியையும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார வைத்தாள். வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறதாம், மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்களாம், சித்தி கூட இருந்து பார்த்துக்கொள்வாளாம். "இந்த உருண்டைங்க தீர்றதுக்குள்ள அம்மா வந்துடுவேன். சண்ட போடாம துன்னுட்டு இருங்க" என்றாள். அம்மா எப்போதோ ஓர் உருண்டையை மெல்லாமல் விழுங்கியிருக்கிறாள், அதுதான் வயிற்றில் அப்படியே நின்றுவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்பா வாசலில் பையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பாவுக்குப் பாவு பிணைக்கும் வேலை. ஒரு தறியில் பட்டு நூல் முடிந்துபோனால், பழைய நூலின் நுனி ஒவ்வொன்றோடும் புதிய நூலின் நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு திருகுத் திருகி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் திருகிக்கொண்டே இருக்கும். வேலை இல்லாத நேரத்திலும், டி.வி. பார்க்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த விரல்கள் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருக்கும். தம்பி அதைப் பார்த்து அப்பா உப்புப் போடுகிறார் என்பான்.

அம்மா போன பிறகு பகலெல்லாம் நாங்கள் அத்தை வீட்டில் இருந்தோம். அப்பா கூப்பிட்ட வீட்டுக்கு வேலைக்குப் போவார், இல்லாவிட்டால் மெட்ராஸுக்கு. பொழுது சாயும் நேரத்தில் எங்களை அழைத்து வந்து, சோறு வடித்து, குழம்பைக் கொதிக்க வைப்பார். முதல் நாள் அந்தக் குழம்பு தட்டில் விழுந்ததும் தம்பி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள், கூப்பிட்டால் வந்துவிடுவாள் போல இருந்தது.

நாட்கள் போயின. அம்மா வரவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. உருண்டைகள் தீரும் நேரத்தில் வருவதாக அல்லவா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்? உருண்டைகள் தீரவில்லை, அதனால் அம்மாவும் வரவில்லை. எவ்வளவு எளிமையான கணக்கு! இது பெரியவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தின்றோம். அவன் ஒரு நாள் தின்ற தீனியில் விடிய விடிய வயிற்று வலி. பிறகு வெளியே கொடுக்கத் தொடங்கினேன். மாடி வீட்டு அக்காவுக்கு ஒரு டப்பா. அத்தைக்கு ஒன்று. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார். தெருமுனை நாய்க்கு இரண்டு உருண்டை. அது முகர்ந்து பார்த்துவிட்டுக் காலால் உருட்டி விளையாடியது.

ஆனாலும் தீரவில்லை. நேற்று கண்ணெதிரே காலியான டப்பா இன்று நிரம்பியிருந்தது. நான் பயப்படவில்லை. கதவு சாத்தியிருக்கும்போது அந்த இருட்டிலும் குளிரிலும் உருண்டைகள் குட்டி போடுகின்றன என்று நினைத்தேன். அதற்கு அத்தாட்சியும் இருந்தது. அம்மா உருட்டியவை மழமழவென்று பந்தாக இருந்தன. புதிதாக வந்தவற்றின் தலையில் சின்னதாக ஒரு மூக்கு முளைத்திருந்தது. குட்டிகள் அல்லவா, அப்படித்தான் இருக்கும். சில சாயங்காலங்களில் கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழையும்போதே சோம்பு வாசனை வரும். இட்லிப் பானை கழுவிக் கவிழ்த்து, ஓரத்தில் ஈரம் காயாமல் இருக்கும். அம்மாவின் வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை என்று சந்தோஷமாக மூச்சை இழுத்துக்கொள்வேன்.

சித்தி போனில் அம்மாவிடம் பேசத் தருவாள். அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். எங்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அப்பாவிடம் ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்பாள். "உருண்ட இன்னும் இருக்குதா?"

"இருக்குதுமா. நெறைய இருக்குது. நீ ஒண்ணும் நெனைக்காத" என்பார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிறைய இருக்கிறது என்று இவரே சொன்னால் அவள் எப்படிக் கிளம்பி வருவாள்?

கருட சேவைக்கு முந்தின நாள் வந்தது. மறுநாள் விடியலில் பெருமாள் கருடன்மேல் புறப்படுவதைப் பார்க்க, பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் சாயங்காலமே எங்கள் சாலை வழியாகக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். தெருக்காரர்கள் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் விசிறியும் கொடுப்பார்கள். கொடுக்காத வீடு கிடையாது. அப்பா மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனதும், நானும் தம்பியும் ஃப்ரீசரில் இருந்த அத்தனை உருண்டை டப்பாக்களையும் பிளாஸ்டிக் கூடையில் அள்ளிக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றோம்.

தலையில் மூட்டையோடு வந்த ஓர் அம்மாள் கையில் ஓர் உருண்டையை வைத்தேன். "இன்னாமா இது, ஐசா? ஜில்லுனு கீது" என்றாள்.

"கொழம்புல போடுற உருண்ட. எடுத்துக்கினு போங்க."

"இதப் போட்றதுக்குக் கொழம்புக்கு நான் எங்கடி கண்ணு போவேன்?" என்று சிரித்தாள். ஆனால் திருநாளில் கொடுத்ததை மறுக்கக் கூடாதே, முந்தானையில் முடிந்துகொண்டாள். வாங்கிய சிலர் கன்னத்தில் வைத்து ஒற்றிக்கொண்டார்கள். அன்றைய வெக்கைக்கு மோரைவிட என் உருண்டைக்குத்தான் கிராக்கி. பொழுது மங்கி, வழி நெடுகச் சீரியல் விளக்குகள் எரியத் தொடங்கியபோது கூடை காலி. என் அம்மாவை ஊரே சேர்ந்து கூட்டி வருகிறது என்று தோன்றியது. அன்று போல நான் மகிழ்ந்த நாட்கள் குறைவு.

வீட்டுக்குள் ஓடியபோது அப்பாவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வருவதற்குள் எடுத்துவிட்டேன். "அம்மா! எல்லாம் தீந்துபோச்சுமா! ஒண்ணுகூட இல்ல!" என்று கத்தினேன்.

"ஒண்ணுகூட இல்லியா?" என்று அம்மா கேட்டாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. அப்பா பின்னாலிருந்து போனை வாங்கினார். "அது கெடக்குது, மேல் டப்பா தீந்துதுன்றா. உள்ள நெறைய இருக்குதுமா. நான் சொல்றன் இல்ல? இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு ஃப்ரீசரைத் திறந்தார். அடிப்பார் என்று நானும் தம்பியும் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றோம். அவர் அடிக்கவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கரண்ட் பில்லைப் பற்றி எப்போதும் பேசுகிறவர், அன்று சாத்தவே இல்லை. பனிப்புகை அவர் தோளில் இறங்கி முழங்கால் வழியாக வழிந்துகொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடியில் திருகிக்கொண்டே இருந்தன.

மறுநாள் ஊரெல்லாம் பெருமாளைப் பார்க்கப் போனது. எங்களை அத்தையோடு அனுப்பிவிட்டு அப்பா வரவில்லை. நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது ஃப்ரீசர் கழுத்துவரை நிரம்பியிருந்தது. எல்லாமே மூக்கு வைத்த குட்டிகள். நான் தரையில் புரண்டு அழுதேன். இனி எத்தனை கொடுத்தாலும் இது தீராது, அம்மா வரவே மாட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மாடி வீட்டு அக்கா பல வருடங்கள் கழித்து, என் கல்யாணத்துக்கு வந்தபோது சொன்னார். அம்மாவை முதல் தடவை அறுத்த இடம் ஆறாமல் மறுபடியும் அறுக்க வேண்டியிருந்ததாம். "ஒங்கப்பா மத்தியானத்துல வந்து கேப்பாரு, பருப்பு எவ்ளோ நேரம் ஊறணும், ஆவி எவ்ளோ நேரம்னு. உருண்ட தீந்துட்டா ஒங்கம்மா வரமாட்டான்னு மனசுல வச்சிக்கினாரு. நீ குடுக்கிறது தெரியாம, புள்ளைங்க நல்லா துன்னுதுங்கன்னு உருட்டிக்கினே இருந்தாரு." ஒரே வாக்கைப் பிடித்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் காலி செய்ய, அவர் அந்தப் பக்கம் நிரப்பியிருக்கிறார்.

அம்மா வந்தது பள்ளி திறந்த பிறகுதான். வாடகைக் காரிலிருந்து சித்தி கைத்தாங்கலாக இறக்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னதைக் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். டப்பா நிறைய இருந்தது. ஓர் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அதன் தலையில் இருந்த திருகை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"தீரவே மாட்டேன்னுதுமா. அதனாலதான் உனக்கு லேட்டு" என்று நான் முந்திக்கொண்டு புகார் சொன்னேன்.

அம்மா தையல் போட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா, "வண்டிக்காரன் நிக்கிறான், அனுப்பிட்டு வரேன்" என்று அவசரமாக வெளியே போனார்.

நான் ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தேன். வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. வெறும் தெருவில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "வண்டி பூடுச்சுபா! ஏன் அங்கியே நின்னுக்கினு கீற?" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. அப்பாவுக்கு வண்டி போனதுகூடத் தெரியவில்லை என்று தம்பியிடம் சொல்லி, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.