பார்க்காமல் போட்ட பத்துக் கையெழுத்து

நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு மாணவியின் படிப்பை அழித்தேன். இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியராக இருந்தேன். மாணவிகள் ஊசி போடும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். சரியாகப் போட்டால் அவர்களுடைய பயிற்சி நோட்டில், ஊசிக்கு ஒரு கட்டமாக, கையெழுத்திட வேண்டும்; ஒருவருக்குப் பத்து ஊசி. என் வேலையே அதுதான். நானோ... நோட்டுகளை மொத்தமாக வாங்கி, கேன்டீனில் வடை தின்றுகொண்டே பத்துக் கட்டங்களையும் நிரப்பித் தருவேன். சில பக்கங்களில் என் எண்ணெய் விரல் பதிந்திருக்கும்.

செல்வராணி இரண்டாம் ஆண்டு மாணவி. டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரு நாள் காலை கேன்டீனுக்கே வந்துவிட்டாள்.

"சார், இடுப்பு ஊசி. நான் இன்னும் ஒண்ணுகூடப் போட்டதில்ல. கொஞ்சம் கூட வாரீங்களா?"

"பத்துப் போட்டாச்சுன்னு நோட்டுல இருக்கேம்மா. போ, டீ ஆறுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

அவள் தனியாகப் போட்டாள். எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒரு கொத்தனாருக்கு. ஊசி காலுக்குப் போகும் நரம்பில் இறங்கிவிட்டது. அன்று மாலை அவரால் பாதத்தைத் தூக்க முடியவில்லை. அதன் பிறகு எப்போதுமே முடியவில்லை.

விசாரணையில், "சார் பக்கத்துல நின்னதே இல்ல மேடம்" என்றாள். கல்லூரி முதல்வர் என்னைப் பார்த்தார்.

"நோட்டைப் பாருங்கள். பத்து முறை, என் கண் முன்னால்" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அவளை நீக்கினார்கள். அழைத்துப்போக வந்த அவளுடைய அப்பா, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டோ சொல்லிக் குடுத்திருக்கீக. இவதான் வாங்கிக்கல. உங்க பேரையும் கெடுத்துட்டா. மனசுல வச்சுக்காதீக சார்."

"பரவாயில்லை" என்றேன்.

பரவாயில்லையாம்! நான் அவளை மன்னித்தேனாம்... இப்படிப்பட்ட ஒருவனை நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. சென்ற மாதம் கோச்சடையில் என் வீட்டுக்கு எனக்கு இடுப்பு ஊசி போட ஒரு நர்ஸ் வந்தாள். படிப்பை முடித்து மூன்று மாதமாம்.

"டீச்சர் முன்னால எத்தனை ஊசி போட்டிருக்கம்மா?"

சிரித்தாள். "நோட்டுல பத்து இருக்கு தாத்தா. பயப்படாம திரும்பிப் படுங்க."

திரும்பிப் படுத்தேன்.

அவள் போன பின், பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். மறுபடியும் தூக்கிப் பார்த்தேன். முடிந்தது... எனக்கு முடிந்தது.