முதலில் வந்த வரி

பக்கம் வரக் காத்திருக்கையில் திரையில் சுற்றும் அந்தச் சின்ன வட்டத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஹட்டன் மழைதான் ஞாபகம் வரும். இரண்டாயிரங்களின் பிற்பகுதி. பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த கணினி நிலையத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த தோழியும் நானும் ஓர் இணையப்பக்கம் கட்டினோம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எழுதும் கடிதமும் அனுப்பும் படங்களும் அதில் வரும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தார் வந்து பார்ப்பார்கள்.

அதைக் கட்டுவதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. தகவலை வைத்திருக்கும் சர்வர் கணினியே எல்லாவற்றையும் திரட்டி முழுப்பக்கமாக அனுப்பவேண்டும் என்பது என் கட்சி. பக்கத்தின் வெற்றுச் சட்டகத்தை முதலில் அனுப்பினால் போதும், உள்ளே வேண்டியதையெல்லாம் பிரவுசர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பது அவள் கட்சி. “கடைசிப் படம் வருமட்டும் சனத்தைக் காக்க வைக்கிறீர்” என்பாள். நானோ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பேன்.

டயகம தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அம்மா வருவார். மகள் குவைத்தில். என் முறைப்படி கட்டிய பக்கம் படத்துக்காகக் காத்து வெறுமையாக நின்றபோது அவர் முகம் வெளிறிவிட்டது. “ஏன் தம்பி, வெள்ளையாவே இருக்கு? எம்புள்ளைக்கு ஏதும் ஆயிருச்சா?”

அடுத்த தடவை, தோழியின் முறைப்படி கட்டிய பக்கம். சட்டகம் உடனே வந்தது. மழையில் இணைய லைன் படுத்துவிட்டதால் உள்ளே வட்டம் மட்டும் சுற்றியது. “இன்னும் தேடிக்கிட்டே இருக்காங்களே! காணாமப் போயிட்டாளா?” என்று அந்த அம்மா அழுதேவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தோழி சிரிக்கவில்லை. “கடிதத்தைச் சர்வர் முதல் அனுப்பட்டும். படத்தைப் பிரவுசர் பிறகு கேட்கட்டும்” என்று தன் கட்சியையும் என் கட்சியையும் ஒன்றாகக் கலைத்துவிட்டு அன்றே எழுத உட்கார்ந்தாள். அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

மறுபடி அந்த அம்மா வந்தபோது முதல் வரி சட்டென்று வந்தது. நான் வாசித்தேன்: “அம்மா, நான் நல்லா இருக்கேன்.” அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அது போதும்யா. படம் மெதுவா வரட்டும்.” படம் வரும்வரை நிம்மதியாக உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்.

தோழி இப்போது கனடாவில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. கொழும்பு வீட்டில் போனைக் கையிலிருந்து இறக்காமல் இருந்தேன். ஒருவழியாக எழுத்து வந்தது: “சுகமா இருக்கிறன். பயப்படாதையும்.” அதன் கீழே, படம் வரவேண்டிய இடத்தில், அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

சுற்றட்டும் என்று, பிளேன்டீ போட எழுந்தேன்.